கிணற்றடிக்குப் போகும் மின்சாரம்

செங்கலடிப் பக்கத்தில் வீட்டு மின்சாரத்தைத் தோட்டக் கிணற்றடிவரை இழுத்து மோட்டர் போடுவோர், மோட்டரின் விலையை நாலு கடையில் விசாரிப்பார்கள். வயரின் பருமனை விசாரிப்பவர் குறைவு. மோட்டர் உறுமியும் சுற்றாவிட்டால் பழி மோட்டருக்கே போகும். வயரையும் ஒருக்கால் கணக்குப் பாருங்கள்.

ஜேர்மனிய ஆசிரியர் ஜோர்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இதற்குக் கைகொடுக்கும். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் வருவது தடை; அதன் அலகு ஓம். வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினால் வலு, வாற்றில் வரும்.

கிணறு 100 மீற்றர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்பவேண்டும். ஆகவே கம்பியின் நீளம் 200 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியானால் தடை ஏறக்குறைய 3.5 ஓம். மோட்டர் 5 அம்பியர் எடுத்தால், 5 × 3.5 = 17.5 வோல்ற் வயரிலேயே போய்விடும். அதை மீண்டும் 5ஆல் பெருக்க 87.5 வாற்று. வெளிச்சமுமில்லை, தண்ணீருமில்லை, வயரைச் சூடாக்கத்தான் இந்த வலு. அதற்கும் சேர்த்தே மின்பட்டியல் வருகிறது.

மோட்டர் தொடங்கும் கணத்தில் பல மடங்கு அம்பியர் இழுக்கும். இழப்பும் அதற்கேற்பக் கூடும். வீட்டில் 230 வோல்ற் இருந்தாலும் கிணற்றடியில் போதாமல், சுழலாது நின்று மோட்டரின் சுருள் கருகலாம்.

2.5 சதுர மில்லிமீற்றர் கம்பியென்றால் தடை சுமார் 1.4 ஓம், இழப்பு 7 வோல்ற், 35 வாற்று.

மோட்டர் ஓடும்போது வீட்டிலும் கிணற்றடியிலும் வோல்ற்றை அளந்தால் வித்தியாசம் தெரியும். ஈர நிலமாகையால் அந்த அளவை மின்சார வேலை தெரிந்தவரே எடுக்கட்டும்.