பஞ்சு வெடிக்கும் முன்பே பருத்தியை அறிய முடியுமா?

மாடு வாங்கச் செல்பவர்கள் சுழி பார்ப்பது உண்டு. சுழிக்கும் மாட்டின் உழைப்பிற்கும் தொடர்பு இருப்பதாக அறிவியல் சான்று இல்லை. ஆனால் ஒரு குறியைக் கண்டு ஒரு குணத்தை முன்கூட்டியே சொல்லும் கலை இன்று பருத்தி ஆராய்ச்சியில் உண்மையாகவே கைகூடியுள்ளது. இங்கே குறி என்பது தோலின் மீது இல்லை, டி.என்.ஏ. இழையின் மீது உள்ளது. அதை நம்பலாமா என்பதை எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அது எப்படி என்று காண்போம்.

1974-இல் கோவையிலிருந்து 'சுவின்' என்ற பருத்தி இரகம் வெளியாயிற்று. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் ஆகிய பெற்றோரின் பெயர்களை இணைத்துச் சூட்டிய பெயர் இது. 120-ஆம் எண் நூல் நூற்கும் அளவுக்கு நீண்ட, மெல்லிய இழை இதற்கு உண்டு. ஆயினும் இது வளர்ந்து பயன் தர நெடுநாள் ஆகும். அதே கோவையில் 1968-இல் வெளியான எம்.சி.யு. 5 வேறு இனத்தைச் சேர்ந்தது. தமிழக விவசாயிகள் பரவலாகப் பயிரிட்டது. முன்னதன் இழையும் பின்னதன் விளைச்சலும் ஒரே செடியில் அமைந்தால் எவ்வளவு நன்று!

இரண்டையும் கலந்தால் பேரச்செடிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஆயிரம் செடிகளில் நல்ல இழை எதற்கு வாய்த்தது? விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூக்கும். பூத்த பின் காய் வெடிக்க மேலும் 45 முதல் 50 நாட்கள் ஆகும். பஞ்சை எடுத்து இழையின் வலிமையைச் சோதித்து முடிப்பதற்குள் பெரும்பாலான பூக்கள் உதிர்ந்திருக்கும். நல்ல செடி எது என்று தெரியும் நேரத்தில், அதை மற்றொன்றோடு கலக்கும் பருவம் கடந்துவிடுகிறது! மழையும் மண்ணும் இழையின் தரத்தை மாற்றுவதால் ஓராண்டுச் சோதனையும் போதாது. இவ்வாறே ஒரு புதிய இரகம் உருவாகப் பத்தாண்டுகள்கூட ஆகிவிடும். அதுவரை விவசாயி காத்திருக்க வேண்டும்.

நாற்றின் ஓர் இலையிலிருந்தே விடை கிடைத்தால்? இங்குதான் அடையாளக் குறிகள் உதவுகின்றன. டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துக்களால் ஆன நீண்ட வாசகம். அதில் சில இடங்களில் 'சிஏ சிஏ சிஏ' என்று எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வரும. சுவினில் ஓரிடத்தில் இது 17 முறையும், எம்.சி.யு. 5-இல் அதே இடத்தில் 12 முறையும் வருவதாகக் கொள்வோம். அந்தத் துண்டு ஒன்றில் 10 எழுத்துக்கள் நீளமாக இருக்கும். இந்த நீள வேறுபாடே அடையாளக் குறி.

கண்ணுக்குத் தெரியாத துண்டின் நீளத்தை எப்படி அளப்பது? 1983-இல் அமெரிக்க விஞ்ஞானி கேரி முல்லிஸ் கண்ட முறையில் அத்துண்டை மட்டும் படியெடுக்கலாம். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்றுகளில் ஒரு துண்டு ஏறத்தாழ 107 கோடியாகப் பெருகும். அடுத்தது நாம் அறிந்த பௌதிகம். டி.என்.ஏ. எதிர் மின்னூட்டம் கொண்டது. கூழ் போன்ற ஒரு பொருளில் இட்டு மின்னழுத்தம் கொடுத்தால் நேர்மின்வாயை நோக்கி நகரும். கூழின் நுண்துளைகளில் நெளிந்து செல்லும்போது குட்டைத் துண்டு முந்தும், நெட்டைத் துண்டு பிந்தும். சாயமிட்டுப் பார்த்தால் இரண்டும் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும்.

இந்தக் குறி இழையின் வலிமைக்குக் காரணம் அன்று. காரணமான ஜீனுக்கு அது அண்டை வீடு, அவ்வளவே. தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரையுள்ள ரயில் பாதையை ஒரு குரோமோசோமாக எண்ணிக் கொள்ளுங்கள். மகரந்தம் உருவாகும்போது குரோமோசோம் இணைகள் ஆங்காங்கே அறுந்து, துண்டுகளை மாற்றிக் கொள்கின்றன. இப்பாதை ஓரிடத்தில் அறுந்தால் தாம்பரமும் செங்கற்பட்டும் பிரிந்தே தீரும். அடுத்தடுத்துள்ள பொத்தேரியும் காட்டாங்குளத்தூரும் பிரிவது அரிது. எனவே இரு இடங்கள் எத்தனை முறை பிரிகின்றன என்று எண்ணினால் அவற்றின் தூரம் தெரியும். நூற்றில் ஒருமுறை பிரிந்தால் அது ஒரு சென்டிமார்கன். அமெரிக்காவில் மார்கனிடம் பயின்ற ஸ்டர்ட்டிவண்ட் என்ற இளைஞர், இவ்வாறு எண்ணியே பழ ஈயின் குரோமோசோம் வரைபடத்தை 1913-இல் வெளியிட்டார். உலகின் முதல் மரபு வரைபடம் அதுதான்.

ஒரு சிறு கணக்கு. இழை ஜீன் காட்டாங்குளத்தூரில் உள்ளது. குறிகள் பொத்தேரியிலும் மறைமலைநகரிலும் உள்ளன. இரண்டும் ஜீனிலிருந்து ஐந்து சென்டிமார்கன் தூரம் என்க. ஒரு குறியை மட்டும் நம்பினால் நூற்றில் ஐந்து முறை ஏமாறுவோம். இரு குறிகளும் சேர்ந்து ஏமாற்ற, பாதை இருபுறமும் அறுபட வேண்டும். அதற்கு வாய்ப்பு 5/100 × 5/100, அதாவது 400-இல் ஒன்று!

பருத்தியில் இந்த வேலை எளிதன்று. நம் நாட்டுக் கருங்கண்ணிப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள். சுவினுக்கும் எம்.சி.யு. 5-க்கும் 52. சுமார் 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரு பருத்தி இனங்கள் கலந்து பிறந்த வழியில் வந்தவை அவை. ஆகையால் ஒவ்வொரு துண்டிற்கும் ஏறக்குறைய அதே சாயலில் மற்றொரு துண்டு இருக்கும். காணும் குறி எதனுடையது என்று பிரித்தறிய வேண்டும். 1994-இல் அமெரிக்காவில் வெளியான முதல் விரிவான பருத்தி வரைபடத்தில் 705 இடங்கள் குறிக்கப்பட்டன; ஆனால் 26 தொகுதிகளாக அமைய வேண்டியவை 41 துண்டுகளாகவே நின்றன. 2012-இல் ஒரு காட்டுப் பருத்தியின் டி.என்.ஏ. வாசகம் வெளிவந்தது. 2015-இல், உலகில் மிகுதியாகப் பயிராகும் அமெரிக்கப் பருத்தியின் வாசகம் வெளிவந்தது. அதன்பின் குறிகளைத் தேடுவது எளிதாயிற்று.

இனி வயலே தேவையில்லையா? அப்படியன்று. இழையின் நீளத்தையும் வலிமையையும் ஒரு ஜீன் தனியே ஆள்வதில்லை. பல ஜீன்கள் சேர்ந்து ஆள்கின்றன. ஒரு குடும்பச் செடிகளில் உண்மை சொன்ன குறி வேறொரு குடும்பத்தில் பொய்யாகலாம். ஆயிரம் நாற்றுகளில் ஐம்பதைப் பொறுக்கித் தருவது குறியின் வேலை. அந்த ஐம்பதில் எது சிறந்தது என்பதைக் கரிசல் மண்ணும் மழையும் பூச்சியும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆயினும் பூப்பதற்கு முன்பே தேர்ந்தெடுக்க முடிவதால், வீணாகும் பருவங்கள் குறைகின்றன. அது விவசாயிக்கு மிச்சமாகும் காலம்.