புகைச் சோதனையில் தோற்கும் வண்டிகள்

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், அகத்தியமலையின் அடிவாரத்தில் உள்ள தேயிலைத் தோட்டப் பகுதி போனக்காடு. விதுரையைக் கடந்து காட்டினூடே ஏறும் இச்சாலையில் பேருந்தை விட்டால் ஜீப்பே துணை. தோட்டத் தொழிலாளர் வீட்டில் இரவில் ஒருவருக்கு நோய் கண்டால் அவரைக் கீழே கொண்டுவருவதும் அதுவே. எனவே, இத்தகைய ஊரில் ஒரு வண்டி புகைச் சோதனையில் தோற்று நின்றுவிட்டால் அதனால் அல்லலுறுவோர் பலராவர்.

பதிவாகி ஓராண்டு கடந்த வண்டிகள் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 115ஆம் விதியாகும். டீசல் வண்டியை நிறுத்திய நிலையில், கியரில் இடாமல் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று கருவி அளக்கிறது. பழைய வண்டிகளுக்கு மீட்டருக்கு 2.45 என்பது உச்ச வரம்பு. பாரத் நிலை 4 வண்டிகளுக்கு 1.62.

வரம்பைத் தாண்டியதும் பட்டறைகளில் நடைபெறும் முதற்காரியம் வருந்தத்தக்கது. டீசல் பம்பின் திருகைச் சற்றுத் திருப்பி எரிபொருளைக் குறைத்துச் சான்றிதழ் பெறுகின்றனர். பாரத்துடன் ஏற்றத்தில் ஏறும்போது வண்டி இழுப்பதில்லை. மறுநாளே திருகு பழைய இடத்திற்குத் திரும்புகிறது, புகையும் திரும்புகிறது. கருவி காட்டுவது காய்ச்சலின் அளவை மட்டுமே. நோயைக் கண்டறிவது மெக்கானிக்கின் பணியாகும்.

அதற்குப் புகையின் நிறமே முதல் சான்று. கறுப்புப் புகை, எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிட்டவில்லை என்பதைக் காட்டும். மண்சாலைகளில் ஓடும் தோட்ட ஜீப்பில் முதலில் பார்க்க வேண்டியது காற்று வடிகட்டி. செலவும் அதில்தான் மிகக் குறைவு. அது தூய்மையாக இருப்பின் அடுத்தது நாசில். டீசலை நுண்துளிகளாகத் தூவாமல் ஒழுகவிடும் நாசிலைக் கழற்றி, உரிய அழுத்தத்தில் சோதித்தறியலாம். பம்பின் நேரமும் அளவும் இவற்றுக்குப் பின்னரே பார்க்கத்தக்கவை. இந்த வரிசையை மாற்றி எடுத்த எடுப்பிலேயே பம்பைப் பிரிப்பது வீண்செலவாகவே முடியும்.

நீலப்புகை, இஞ்சின் எண்ணெய் எரிவதன் அடையாளம். பெட்ரோல் வண்டியைப் பொறுத்தவரை மலையிறக்கமே இதற்கு நல்ல சோதனைச்சாலை. கீழ்க்கியரில் நெடுநேரம் இறங்கும்போது இஞ்சினுள் உண்டாகும் வெற்றிடம், தேய்ந்த வால்வு சீல்களின் வழியே எண்ணெயை உள்ளிழுக்கிறது; அடிவாரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் நீலப்புகை குபீரெனக் கிளம்பும். ஏற்றத்திலும் இடைவிடாது நீலப்புகை வருமாயின் பிஸ்டன் வளையங்களையே ஐயுற வேண்டும். அழுத்தச் சோதனை அதனைத் தெளிவாக்கும். வெண்புகை குளிர்ந்த இஞ்சினில் இயல்பே. சூடேறிய பின்னும் நீடித்து, ரேடியேட்டரில் நீரும் குறைந்துவந்தால் ஹெட் கேஸ்கட் பழுதுபட்டிருக்கலாம்.

பெட்ரோல் வண்டிகளில் கருவி கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் தனித்தனியே காட்டுவது பெரும் உதவியாகும். முன்னது மட்டும் மிகுந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் செல்கிறது: பழைய வண்டியில் சோக்கும் கார்புரேட்டரின் மிதவையும், புதிய வண்டியில் ஆக்சிஜன் உணரியும் பார்க்கத்தக்கவை. பின்னது மட்டும் மிகுந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பெரும்பாலும் பிளக்கோ அதன் கம்பியோ காரணமாகும். இவ்வாறு தவறி எரியாது வெளியேறும் பெட்ரோல், விலைமிக்க வினையூக்கி மாற்றியினுள் எரிந்து அதனை உருக்கிவிடும். ஆதலின் மாற்றி கெட்டிருந்தால், அது கெட்ட காரணத்தை நீக்காமல் புதியதைப் பொருத்துவது அதனையும் இழப்பதற்கே வழி.

மலையிலிருந்து இறங்கிவரும் வண்டிக்கு மற்றொன்றும் கவனிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் எரிபொருள் மிகக் குறைவாகவே எரிவதால் இஞ்சினும் மாற்றியும் ஆறிவிடுகின்றன. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடைந்தாலன்றி மாற்றி செவ்வனே இயங்காது. சமவெளியில் சில கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றிய பின் அளந்தால், பழுதற்ற வண்டி வீணே தோற்பதைத் தவிர்க்கலாம்.