வாத்துக்குஞ்சின் கால் ஏன் மடங்குகிறது?

நேற்று வரை துறுதுறுவென்று ஓடிய வாத்துக்குஞ்சு, இன்று இரண்டடி வைத்ததுமே உட்கார்ந்துவிடுகிறதா? கால் வளைந்து, மூட்டு வீங்கியிருக்கிறதா?

முதலில் அதன் தீவனத்தைப் பாருங்கள். பெரும்பாலும் நாம் போடுவது கோழிக்குஞ்சுத் தீவனம்தான். வாத்துக்குஞ்சுக்கு அது போதாமல் போகலாம். காரணம், நயாசின் என்கிற பி3 வைட்டமின். கோழிக்குஞ்சு, உணவிலுள்ள புரதத்திலிருந்து இதில் ஓரளவைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். வாத்துக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நயாசின் அதற்குத் தேவை. வயலிலும் குளத்திலும் மேயும் குஞ்சு பூச்சி, புழு, பொடி மீன் என்று தானே தேடித் தின்றுவிடும். அட்டைப்பெட்டிக்குள் வளரும் குஞ்சுக்கு நாம்தானே கொடுக்க வேண்டும்?

ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூளில் இந்தச் சத்து நிறைய உண்டு. தீவனத்தை லேசாக நனைத்து, மேலே தூவிக் கொடுங்கள். ரொட்டி மாவைப் பொங்கவைக்கிற ஈஸ்ட் வேண்டாம். ஆரம்பத்திலேயே கவனித்தால், சில நாட்களிலேயே தேற்றம் தெரியும்.

கீழே செய்தித்தாள் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது வழுக்கும், பிஞ்சுக் கால்கள் அகன்றுபோகும். நூல் பிரியாத பழைய துண்டு நல்லது. வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் மிதக்கவிட்டால், உடம்பின் பாரமில்லாமல் காலை அசைத்துப் பழகும். ஆனால் பக்கத்திலேயே இருங்கள். தாயில்லாத குஞ்சுக்குச் சீக்கிரம் குளிரெடுத்துவிடும், உடனே துவட்டிக் கதகதப்பாக வையுங்கள்.

அப்படியும் எழுந்து நிற்கவில்லையென்றால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.