நன்னீர் மீனும் உப்புநீரும்

மாங்காயைக் கீறி உப்பிட்டு வைத்தால் சிறிது நேரத்தில் அதிலிருந்து நீர் கசிந்து வடியும். முந்திரிகை வற்றலைத் தண்ணீரில் இட்டால் அது பருத்துவிடும். இதனை அறியாத இல்லத்தரசியர் இல்லை. மெல்லிய தோலொன்றின் இருபுறத்தும் கரைபொருளின் செறிவு வேறுபடுமாயின், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் செல்லும். இதுவே பிரசாரணம் எனப்படுவது. மீனின் வாழ்நாள் முழுவதும் இவ்விதியோடு நடத்தும் ஓயாத வழக்கு எனலாம்.

எலும்பு மீன்களின் இரத்தத்திலுள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கேயாகும். ஓர் இலீற்றர் கடல்நீரில் 35 கிராம் உப்புண்டு. குளத்து நீரிலோ ஒரு கிராமுக்கும் குறைவே. ஆகவே குளத்து மீனின் உடலுள் இரவும் பகலும் நீர் புகுந்துகொண்டேயிருக்கிறது. அது தண்ணீரை அருந்துவதில்லை என்றே சொல்லலாம். புகுந்த நீரைச் சிறுநீரகம் ஏராளமாக வெளியேற்றுகிறது. அதனோடு கழியும் உப்பை மீன் தன் பூக்களின் வழியே குளத்து நீரிலிருந்து மீண்டும் உறிஞ்சிக்கொள்ளுகிறது.

அம்மீனைக் கடலில் விட்டால் யாவும் தலைகீழாகிவிடும். உப்பிட்ட மாங்காயைப் போல உடல் நீரை இழக்கும். உப்பு உள்ளே ஏறும். தண்ணீரின் நடுவிலேயே தாகத்தால் சாகும் விந்தை இது. கெண்டையும் தங்கமீனும் கடல்நீரில் மூன்றிலொரு பங்கு உப்புள்ள நீரைத் தாங்கும். அதற்கு வெகுவாக மேற்பட்டால் நெடுநாள் தாங்கா.

கடல்மீன்கள் எவ்வாறு பிழைக்கின்றன? அவை கடல்நீரையே குடிக்கின்றன என்பதை 1930 ஆம் ஆண்டில் ஹோமர் சிமித் என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கினார். குடித்த உப்பு எங்கே போகிறது? 1932 இல் கீய்ஸ், வில்மர் என்னும் இருவர் விலாங்கின் பூக்களை ஆராய்ந்து, உப்பை வெளியே தள்ளும் தனிக் கலங்களைக் கண்டனர். ஆற்றிலும் கடலிலும் வாழும் விலாங்கை அவர்கள் தேர்ந்தது பொருத்தமே.

1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக்குத் திலாப்பியாவும் இவ்வித்தையில் வல்லது. எனினும் அதற்கும் தவணை வேண்டும். குளத்திலிருந்து பிடித்து நேரே கடல்நீரில் விட்டால் அது சில மணி நேரத்தில் மடிந்துவிடும். பாதி கலந்த நீரில் சில நாள் வைத்திருந்து, பின்னர் கடல்நீருக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். அங்கேயே குஞ்சும் பொரிக்கும். அந்தச் சில நாளில் நிகழ்வதென்ன? உப்பை உறிஞ்சிய பூக்கள் உப்பைத் தள்ளும் பூக்களாக மாறுகின்றன, உரிய கலங்கள் பருக்கின்றன, சிறுநீர் குறைகிறது, குடல் கடல்நீரை ஏற்கப் பழகுகிறது. ஓமோன்களே இம்மாற்றத்தை நடத்துகின்றன. கோட்டிசோல் உப்புநீர் வாழ்வுக்கு உதவுகிறது. புரொலற்றின் நன்னீர் வாழ்வுக்கு உதவுகிறது. பாலூட்டிகளில் பால் சுரக்கச் செய்யும் புரொலற்றின் மீனில் உப்பைக் காக்கிறது என்பது சுவையான செய்தியன்றோ!

மட்டக்களப்பு வாவியில் மாரி மழையின்போது உப்புக் குறையும். பாலமீன்மடு முகத்துவாரம் திறந்து கடல் புகுந்தால் உப்புக் கூடும். இம்மாற்றம் பெரும்பாலும் படிப்படியாக நிகழ்வதால் வாவி மீன்களுக்கு இடம் மாறவோ உடலை மாற்றவோ அவகாசம் உண்டு. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் கரையோரக் கிணறுகளிலும் குட்டைகளிலும் கடல் புகுந்தது சில நிமிடங்களில். அங்கிருந்த நன்னீர் மீனுக்குத் தவணை ஏது?

ஆயினும் மீன் வளர்ப்போர் உப்பை மருந்தாகவும் வழங்குவர். ஓர் இலீற்றர் நீரில் 10 முதல் 30 கிராம் வரை உப்பைக் கரைத்து, மீனைச் சில நிமிடம் மட்டும் அதில் விடுவர். தோலில் ஒட்டிய ஒருகல உயிர்களுக்குச் சிறுநீரகமும் இல்லை, பூக்களும் இல்லை. அவை முதலில் சுருங்கி மடியும். மீன் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியதும் அதனை உடனே நன்னீருக்கு மாற்றிவிடுவர்.