தடால் என்று விழும் ஜன்னல்! கோளாறு கண்ணாடியில் இல்லை, பக்கத்தில் ஒளிந்திருக்கிறது

கோடைக்காலம். அமெரிக்காவில் ஒரு பழைய வீடு. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை.

தாய் ஜன்னலை மேலே தூக்குகிறாள். காற்று ஜிலுஜிலு என்று வருகிறது. அவள் கையை எடுக்கிறாள்.

தடால்!

கண்ணாடிச் சட்டம் கீழே வந்து மோதுகிறது. நல்ல வேளை! குழந்தையின் விரல்கள் அங்கே இல்லை.

மறுநாள் அந்த ஜன்னலுக்கு ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்து நிற்கிறது. "அப்பாடா, தொல்லை தீர்ந்தது!" என்கிறார்கள் வீட்டார்.

தொல்லை தீரவில்லை. பந்து பட்டால் கட்டை நழுவும். குழந்தை இழுத்தாலும் நழுவும். அப்போது என்ன ஆகும்?

கில்லட்டின் ஜன்னல்

இந்த ஜன்னலுக்குக் கீல் கிடையாது. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் இருக்கும். மேல் சட்டம் அசையாது. கீழ்ச் சட்டத்தை மட்டும் மேலே தூக்கித் திறக்க வேண்டும். இதற்கு 'சிங்கிள் ஹங்' ஜன்னல் என்று பெயர். இரண்டு சட்டங்களும் அசைந்தால் அது 'டபிள் ஹங்'.

இப்படி மேலும் கீழும் ஓடும் ஜன்னலைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கில்லட்டின் ஜன்னல்' என்று அழைக்கிறார்கள். கில்லட்டின் என்பது பிரெஞ்சுப் புரட்சியின்போது மனிதர்களின் தலையை வெட்டிய இயந்திரம். பெயரே எச்சரிக்கிறது அல்லவா?

தாங்குவது யார்?

சட்டம் கனமானது. ஆனாலும் நல்ல ஜன்னலைத் தூக்கி நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் நிற்கும். காரணம், இரு பக்கமும் நிலைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கருவி. அதன் பெயர் 'பாலன்ஸ்'. சட்டத்தின் பாரத்தை அதுதான் தாங்குகிறது.

பழைய மர ஜன்னல்களில் இது வெறும் கயிறும் இரும்புக் குண்டும்தான். கயிற்றின் ஒரு நுனி சட்டத்தில் இருக்கும். கயிறு கப்பியின் மேல் ஏறி நிலைக்குள் இறங்கும். மறு நுனியில் குண்டு தொங்கும். சட்டம் 20 பவுண்டு என்றால், பக்கத்துக்கு ஏறத்தாழ 10 பவுண்டு குண்டு. தராசின் இரு தட்டுகள் போல, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.

பின்னர் வந்த ஜன்னல்களில் குண்டு போய் ஸ்பிரிங் வந்தது. அதில் மூன்று வகை உண்டு.

ஒன்று: குழாய்க்குள் ஸ்பிரிங்கும், முறுக்கிய கம்பியும் இருக்கும்.

இரண்டு: நீளமான தகரக் கூட்டுக்குள் ஸ்பிரிங், சிறு கப்பிகள், கயிறு ஆகியவை இருக்கும்.

மூன்று: தையற்காரரின் நாடா போல, மெல்லிய எஃகுப் பட்டை சுருண்டிருக்கும்.

நோய் எங்கே?

ஆண்டுகள் ஓடுகின்றன. கயிறு நைந்து அறுகிறது. ஸ்பிரிங் தளர்கிறது. கம்பியைப் பிடிக்கும் கொக்கி முறிகிறது.

சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து, கோணலாக ஏறுகிறதா? ஒரு பக்கத்து பாலன்ஸ் கெட்டிருக்கலாம். கையை எடுத்ததும் விழுகிறதா? இரண்டுமே கெட்டிருக்கலாம். கண்ணாடியை மாற்றிய பிறகு விழத் தொடங்கியதா? புதுக் கண்ணாடியின் பாரம் கூடுதலாக இருக்கும். பழைய பாலன்ஸால் அதைத் தாங்க முடியாது.

இதற்காக ஜன்னலையே பெயர்த்து எறிய வேண்டியதில்லை. சட்டமும் நிலையும் நன்றாக இருந்தால் பாலன்ஸை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றுவது எப்படி?

முதலில் சட்டத்துக்கு உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். வேலைக்கு இருவர் வேண்டும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம்.

ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். ஸ்குருவைக் கழற்றும்போது குறடால் கெட்டியாகப் பிடிக்காவிட்டால், கம்பி விர்ரென்று சுழன்று கையைக் கிழித்துவிடும்.

கழற்றிய பழைய பாலன்ஸைத் தூக்கி எறியக் கூடாது. நீளத்தையும் பலத்தையும் காட்டும் எண் அதில் பல சமயம் பொறித்திருக்கும். எண் அழிந்து போயிருந்தால், பாலன்ஸின் நீளத்தை அளந்து, சட்டத்தை எடை மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜன்னல் செய்த கம்பெனி மூடிப் போயிருந்தாலும், அளவுக்கு ஏற்ற பாகம் விற்கும் கடைகள் அந்நாட்டில் உண்டு.

ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. புதியதும் பழையதும் ஒரே பலத்தோடு இழுக்காது.

குண்டு வைத்த ஜன்னலுக்குப் புதுக் கயிறு போதும். அதைக் கப்பி வழியாக நுழைக்கத் தச்சர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். மெல்லிய நூலில் சிறு ஈயத் துண்டைக் கட்டி, கப்பியின் மேல் விடுகிறார்கள். அது நிலைக்குள் சரசரவென்று இறங்குகிறது. பின்னாலேயே கயிற்றை இழுத்துக் கொள்கிறார்கள். அந்த ஈயத் துண்டுக்கு இங்கிலாந்துத் தச்சர்கள் வைத்த பெயர் 'எலி'!

பழைய பெயிண்ட்: ஜாக்கிரதை!

அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயிண்ட் அடிப்பது 1978ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீடுகளில் அந்தப் பெயிண்ட் இன்னும் இருக்கலாம். ஜன்னலைச் சுரண்டினால் தூள் பறக்கும். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே, முதலில் பெயிண்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஈயம் இருந்தால், பயிற்சி பெற்றவரைக் கூப்பிட வேண்டும்.

தீப்பிடித்தால்?

படுக்கை அறை ஜன்னல் காற்றுக்கு மட்டும் அல்ல. நள்ளிரவில் தீப்பிடித்து, வாசலைப் புகை அடைத்துக் கொண்டால், உயிர் தப்ப அதுவே வழி.

அதனால்தான் அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் கட்டட விதி, புது வீட்டின் படுக்கை அறையில் தப்பிக்கும் வழி ஒன்று வேண்டும் என்கிறது. அது ஜன்னலாக இருந்தால், திறந்த இடைவெளி பொதுவாக 5.7 சதுர அடி இருக்க வேண்டும். ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும்.

விழும் ஜன்னலை இரு கைகளாலும் தாங்கிப் பிடிக்க வேண்டும். அப்படியானால் குழந்தையைத் தூக்கி வெளியே விடுவது எந்தக் கையால்?

கடைசிச் சோதனை

வேலை முடிந்ததும் சட்டத்தைப் பாதி உயரம் தூக்க வேண்டும். கைகளைச் சட்டத்துக்கு அடியில் வைக்காமல், மெல்ல விட்டுப் பார்க்க வேண்டும்.

விழவில்லையா? தானாக மேலே ஏறவும் இல்லையா? அப்படியானால் பாலன்ஸ் சரியாக இருக்கிறது.

இனி அந்த மரக்கட்டைக்கு வேலை இல்லை. குளிர்காலம் வந்ததும் கணப்பில் போட்டுவிடலாம்!