"கேஸ்ட்ரைட்டிஸ்" என்ற ஒரு சொல்லுக்குள் மறையும் இரண்டு நோய்கள்: தோட்டத்து முதியவர்களைக் கவனிப்போருக்கு

குருவிட்ட பகுதியிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வயதானவர்களிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே சொல்தான் பதிலாக வரும்: "கேஸ்ட்ரைட்டிஸ்." நெஞ்சு எரிந்தாலும் அதுதான். புளித்த ஏப்பம் வந்தாலும் அதுதான். ரொட்டித் துண்டு இறங்காமல் நெஞ்சுக்குள் நின்றுகொண்டாலும் அதுதான்.

ஆனால் இவை எல்லாம் ஒன்றல்ல. நெஞ்செரிவை வீட்டுப் பழக்கங்களாலும் சாதாரண மருந்தாலும் பெருமளவு கட்டுப்படுத்தலாம். விழுங்கச் சிரமப்படுவது அப்படியல்ல. அது உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. அதை எரிவுக் குளிசையால் மூடி மறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பதே ஆபத்து.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இருந்து 1977, 1983 வன்செயல்களின்போது வன்னிக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் உண்டு. பின்னர் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வேலைக்குப் போனவர்களும் பலர். லயத்தில் தங்கிவிட்ட அம்மாவையோ பாட்டியையோ இவர்கள் தொலைபேசியில்தான் கவனிக்கிறார்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் தூரத்தில் இருந்தும் உதவலாம்.

எரிவு ஏன் வருகிறது?

உணவுக் குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் தசை வளையம் ஒன்று இருக்கிறது. உணவை உள்ளே விட்டபின் அது மூடிக்கொள்ள வேண்டும். அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறி எரிக்கும். இரவு பிந்திச் சாப்பிட்டுவிட்டு உடனே பாயில் சாய்வது, வயிறு நிறைந்திருக்கும்போது குனிந்து விறகு பொறுக்குவது, பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவது, புகையிலை ஆகிய எல்லாமே இதற்கு வழிவிடும்.

முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபென் போன்ற குளிசைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். இவற்றைத் தாங்களாக வாங்கிப் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் இருதய நோய்க்கு வைத்தியர் எழுதிய அஸ்பிரினை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை

இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணித்தியாலம் முன்பே முடிக்க வேண்டும். வயிறு முட்ட இரண்டு வேளை என்பதை விட, கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து வேளை நல்லது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழ் ஆடாதபடி செங்கல்லோ பலகையோ வைத்து ஆறு அங்குலம் அளவு உயர்த்துங்கள். தலையணைகளை மட்டும் அடுக்கினால் கழுத்துத்தான் மடியும், நெஞ்சு உயராது. இடப்பக்கம் சரிந்து படுப்பது சிலருக்குச் சுகம் தரும்.

வைத்தியர் ஒமெப்ரசோல் தந்திருந்தால், அதைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு போட வேண்டும். எரியும்போது மட்டும் போட்டால் முழுப் பலன் கிடைக்காது. மற்றக் குளிசைகளையும், வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், உட்கார்ந்தபடி ஒரு கிளாஸ் தண்ணீருடன் விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும். பாதி வழியில் ஒட்டிக்கொள்ளும் குளிசை உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, வியர்வை, மூச்சு முட்டல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் அதை "வாய்வு" என்று ஒதுக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் வரும், கட்டணம் இல்லை.

எங்கே சிக்குகிறது?

இதுதான் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி. விழுங்கத் தொடங்கும்போதே இருமல் வருகிறதா, தண்ணீர் மூக்கால் வருகிறதா, குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா? அப்படியானால் கோளாறு தொண்டையில். பக்கவாதத்துக்குப் பிறகு இது அடிக்கடி வரும். உணவு மூச்சுக் குழாய்க்குள் போய் நிமோனியாவை உண்டாக்கக்கூடும்.

விழுங்கிச் சில வினாடிகளுக்குப் பிறகு நெஞ்சுக்குள் நிற்கிறது என்றால் கோளாறு உணவுக் குழாயில். முதலில் ரொட்டி சிக்கியது, பிறகு சோறும் சிக்கியது, இப்போது கஞ்சிதான் இறங்குகிறது என்றால், குழாய் வர வர ஒடுங்குகிறது என்று அர்த்தம். நீண்டகால அமிலத் தழும்பாலும் அப்படி ஆகலாம், புற்றுநோயாலும் ஆகலாம். எண்டோஸ்கோப்பி செய்து உள்ளே பார்த்தால்தான் எது என்று தெரியும்.

தோட்டங்களில் இந்தச் சந்தேகத்துக்குக் கூடுதல் காரணம் உண்டு. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே வகைப்படுத்தியது. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டையும், வெறும் பாக்கையும்கூட 2004இல் அதே வகையில் சேர்த்தது. வாய்க்கும் உணவுக் குழாய்க்கும் இவற்றால் ஆபத்து. இலங்கையில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். குளிரிலும் பசியிலும் வேலை செய்தவர்களுக்கு வெற்றிலை ஒரு துணையாக இருந்தது. அதனால் ஏசிப் பயனில்லை. முதலில் புகையிலையையும் பாக்கையும் விடச் சொல்லுங்கள்.

தேத்தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் நல்லதல்ல. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானங்கள் உணவுக் குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று அதே முகவரகம் 2016இல் கூறியது. குற்றம் தேயிலையில் இல்லை, சூட்டில்தான். சற்று ஆறவிட்டுக் குடித்தால் போதும்.

பரிசோதனை வரும் வரை

சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கரண்டியால் கொடுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். காய்ந்த தேங்காய் ரொட்டியைப் பருப்புக் கறியில் நன்றாக ஊறவைத்து மசித்துக் கொடுக்கலாம். குழையவிட்ட சோறு, மசித்த மரக்கறி, முட்டை, கஞ்சி நல்லது. சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது. வாயையும் பற்களையும் சுத்தமாக வைத்திருப்பது நெஞ்சில் சளித் தொற்று வருவதைக் குறைக்கும்.

புரையேறினால் தண்ணீர் கொடுக்காதீர்கள், இருமவிடுங்கள். இருமவோ பேசவோ முடியாமல் திணறினால் முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டி, உடனே 1990க்கு அழையுங்கள்.

வைத்தியரிடம் என்ன சொல்வது?

தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனாலும் கூடப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும், பஸ் காசும் தேட வேண்டும். இதனாலேயே பல பயணங்கள் தள்ளிப்போகின்றன. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அந்த ஒரு நாள் செலவை அனுப்புவது, டொனிக் போத்தல் அனுப்புவதை விடப் பெரிய உதவி.

சிங்களத்தில் விளக்க முடியாத முதியவர்கள், இரண்டு மொழிக்கும் பொதுவான "கேஸ்ட்ரைட்டிஸ்" என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, அதற்கான குளிசையோடு திரும்பிவிடுவார்கள். சிக்குவது பற்றிய பேச்சே எழாது. ஆகவே, "கேம ஹிரவெனவா, கிலின்ன அமாருய்" (சாப்பாடு சிக்குது, விழுங்கக் கஷ்டம்) என்று சொல்லப் பழக்குங்கள், அல்லது தாளில் எழுதிக் கொடுங்கள். எப்போது தொடங்கியது, உடம்பு மெலிந்ததா, இரத்த வாந்தி வந்ததா, மலம் தார் போல் கறுத்ததா, குரல் அடைத்து மூன்று வாரம் தாண்டிவிட்டதா, வாய்க்குள் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறதா, எத்தனை வருடமாக வெற்றிலை போடுகிறார் என்பவற்றையும் அதில் சேருங்கள். இரத்த வாந்தியோ, தார் போன்ற மலமோ, எச்சில்கூட இறங்காத நிலையோ இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

அடுத்த முறை வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "சாப்பாடு லேசா இறங்குதா?" என்றும் கேளுங்கள். "கஞ்சிதான் குடிச்சேன்" என்று பதில் வந்தால், ரொட்டியை எப்போது விட்டார், ஏன் விட்டார் என்று விசாரியுங்கள்.