காற்றுக்குத் திறந்து, மரநாய்க்கு அடைத்து

ஊர்க்கோழி நிற்காத வளவைத் தேற்றாத்தீவில் காண்பது அரிது. விடியத் திறந்துவிட்டால் வேலியோரச் சருகைக் கிளறி, கறையானும் புழுவும் பொறுக்கி, மணலில் புரண்டு குளித்துவிட்டுப் பொழுதுபடத் தாமாகவே வந்து அடையும். ஆகவே கூடு இரவில் தங்கவும் முட்டையிடவும்தான். அதை மனதில் வைத்துக் கட்டத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மரநாய்க்கும் மாரி மழைக்கும் பயந்து நான்கு பக்கமும் தகரம் அடித்து மூடிவிடுகிற கூடுகள்தான் எனக்குப் பெரும் கவலை. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்து, மூச்சோடு ஈரத்தை வெளியேற்றித்தான் உடலைக் குளிரவைக்கும். மூடிய கூட்டில் அந்த ஈரம் எச்சத்தில் படிகிறது. ஈர எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்க, அமோனியா கிளம்புகிறது. அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரித்துவிட்டால் எந்த நோயும் எளிதில் தொற்றும். அமோனியாவும் சூடான ஈரக்காற்றும் மேலே எழுபவை. எனவே கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ப் பக்கங்களில் ஓரடி உயரத்துக்குக் கம்பிவலை இருக்கட்டும். கார்த்திகை மழையிலும் அதை முழுவதும் மூடக்கூடாது. விடியற்காலை கதவைத் திறந்ததும் கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். மூக்கு எரிந்தால் காற்று போதவில்லை.

கூட்டை எந்தத் திசை பார்த்து வைப்பது? கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இந்த எழுவான்கரை மணலில் இரண்டு காற்றுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். கோடையில் மேற்கிலிருந்து வறண்ட கச்சான்; மாரியில் மழையைச் சுமந்து வடகிழக்கிலிருந்து வாடை. கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை மாலை வெயில் குட்டைச் சுவர்களில் மட்டும் படும். ஆனால் நீண்ட பக்கமொன்று வாடை மழைக்கு முகம் கொடுக்க நேரும். அப்படியிருந்தும் கிழக்கு மேற்கையே நான் தேர்வேன். வடக்குப் பக்கத்தில் கீழ்ப்பாதிக்குப் பலகையடித்து, மேல்பாதிக்கு வலை போட்டு, தாழ்வாரத்தை மூன்றடி நீட்டிவிடலாம். சாரல் அடிக்கும் நாளில் ஒரு கிடுகுத் தட்டியைச் சரிவாகத் தொங்கவிட்டால் நனையாது, காற்றும் நிற்காது. தெற்கும் மேற்கும் வலையாகவே இருக்கட்டும்.

தென்னைக்குக் கீழே கட்ட வேண்டாம். ஒரு தேங்காய் விழுந்தால் கூரை போய்விடும். கிணற்றுக்குக் கிட்டவும் வேண்டாம். மணல் நீரை உடனே கீழே இறக்கிவிடும்; எச்சத்தின் நைத்திரேற்று ஆழமில்லாத கிணற்றைச் சென்றடையும்.

பகலில் கீரியும் உடும்பும் முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். இரவில் வருவது மரநாய். அது மரமேறி, கிளை வழியாகக் கூரைக்கு இறங்கி, சுவருக்கும் கூரைக்கும் உள்ள இடுக்கைத் தேடும். கூட்டின் மேல் சாயும் கிளையை வெட்டிவிடுங்கள். கடைகளில் விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். பல்லையும் நகத்தையும் வெகுநாள் தடுக்காது. பற்றவைத்த அரை அங்குலக் கண் வலைக்குச் செலவு கூட, ஆனாலும் பணத்தைப் போட வேண்டிய இடம் அதுதான். கதவுக்குக் கயிறு போதாது, திறாங்கு போடுங்கள்.

கூட்டைக் கால்களில் இரண்டரை அடி உயர்த்தினால் மணலைத் தோண்டி நுழையும் தொல்லை இல்லை, மாரி வெள்ளமும் எட்டாது. தளத்துக்குப் பனஞ்சிலாகையை முக்கால் அங்குல இடைவெளியில் அடித்து, அந்த அரை அங்குலக் கண் வலையையே கீழ்ப்புறமும் இழுத்துக் கட்டலாம். எச்சம் கீழே விழும். அங்கே வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை அரிசி ஆலை உமியைப் பரப்பிவைத்தால் ஈரத்தை உறிஞ்சி, சில மாதங்களில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் பசளையாகும். கூரைக்குத் தகரம் போட்டு அதன்மேல் கிடுகு வேயுங்கள், சூடு குறையும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட கரை இது, கூரையைக் கால்களோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவது அவசியம்.

பத்துப் பேடும் ஒரு சேவலும் அடைய ஆறடி நீளம், நான்கடி அகலம் போதும். இவற்றின் மூதாதையான செங்காட்டுக்கோழியும், இலங்கைக்கே உரிய நம் காட்டுக்கோழியும் மரக்கிளையில் உறங்குபவை. வீட்டுக்கோழியும் கிளையைத்தான் தேடும். இரண்டு அங்குல அகலச் சட்டங்கள் இரண்டை ஓரடி இடைவெளியில், ஒரே மட்டத்தில் பூட்டுங்கள். ஒன்று உயர்ந்தால் அதற்காக ஒவ்வொரு மாலையும் சண்டைதான். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற ஒழுங்கு உண்டு. நோர்வேக்காரரான ஷெல்டெரப்-எபே 1920களில் அதை ஆய்ந்து எழுதினார்.

முட்டைப் பெட்டிகள் ஓரடிக்கு ஓரடி. இரண்டோ மூன்றோ போதும், இருட்டான மூலையில், சட்டத்தைவிடத் தாழ்வாக. உயரத்தில் வைத்தால் அதிலேயே உறங்கி எச்சமிட்டு முட்டையை அழுக்காக்கும். அடைக்கோழிக்கு வேறிடம் கொடுங்கள். 21 நாளில் குஞ்சு இறங்கியதும் தாயோடு சில வாரம் கரப்புக்குள் இருக்கட்டும், காகமும் பருந்தும் எட்டாது. சட்டத்தின் முனைகள் பூட்டும் இடுக்குகளில் பகலெல்லாம் உண்ணி ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். அதனால் சட்டங்களை ஆணியடிக்காமல் கழற்றக்கூடியதாக வையுங்கள்; மாரி தொடங்குமுன் வெளியே எடுத்து வெயிலில் காயவிட்டு, கூடு முழுவதும் சுண்ணாம்பு பூசலாம்.